எக்ஸ்போர்ட் பாதியில் சிஸ்டம் அணைந்துபோகிறது: எதை மாற்றுவது, எதைத் தொடவே வேண்டாம்

வந்த கடிதத்தின் சுருக்கம் இது. எழுதியவர் தனியாக வீடியோ எடிட்டிங் தொழில் செய்பவர். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். 48 நிமிட ஆவணப்படம் ஒன்றை 4கே அளவில் ப்ரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் முடித்து வைத்திருக்கிறார். மூன்று வாரமாக அதை வெளியே எடுக்க முடியவில்லை. எக்ஸ்போர்ட், அதாவது முடித்த எடிட்டை வீடியோ ஃபைலாக எழுதி எடுக்கும் வேலை, 60க்கும் 75க்கும் இடைப்பட்ட சதவீதத்தில் எங்கேயாவது போய்க்கொண்டிருக்கும்போது திரை கறுத்து, சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. ப்ளூ ஸ்கிரீன் எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டு தடவை அணைந்தது அணைந்தபடியே கிடந்திருக்கிறது. பின்பக்க சுவிட்சை ஆஃப் செய்து, கொஞ்ச நேரம் கழித்துப் போட்ட பிறகுதான் உயிர் வந்தது. இது போக மூன்று தடவை, சிஸ்டம் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, மென்பொருள் மட்டும் மெமரி போதவில்லை என்று காட்டிவிட்டு மூடிக்கொண்டது.

அவருடைய சிஸ்டம்: கோர் ஐ7 13700கே ப்ராசசர், 32 ஜிபி ரேம், எட்டு மாதத்துக்கு முன் யாரோ பயன்படுத்தியதை வாங்கிப் போட்ட 10 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு, பழைய சிஸ்டத்திலிருந்து எடுத்து மாட்டிய ஆறு வயதான 650 வாட் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்தின் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி). இதுவரை செய்ததெல்லாம் ஐந்து, பத்து நிமிட வேலைகள், அவை ஒழுங்காக வெளியே வந்தன. இந்தப் படத்துக்காக விண்டோஸை இரண்டு தடவை அழித்துப் போட்டுவிட்டார். நண்பர் ஒருவர் ரேமை 64 ஆக்கச் சொல்கிறார். சிஸ்டத்தை அசெம்பிள் செய்த கடையில் ‘இது சாஃப்ட்வேர் பிரச்சினை, எங்களுக்குச் சம்பந்தம் இல்லை’ என்கிறார்கள். வெப்பம் 78 டிகிரிதான், மூன்று மணி நேரம் கேம் ஆடினாலும் ஒன்றும் ஆகவில்லை, விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று வருகிறது. ஐந்து நாளில் படத்தைக் கொடுக்க வேண்டும். எதை முதலில் வாங்குவது, கடைக்காரரைப் பொறுப்பேற்கச் சொல்ல முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

நண்பரே,

கடிதத்தின் நடுவில் ‘ஒருவேளை எனக்குத்தான் சிஸ்டத்தைக் கையாளத் தெரியவில்லையோ’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை முதலில் விடுங்கள். எடிட்டர்களுக்கு சிஸ்டம் கட்டிக் கொடுப்பதும் சரிபார்த்துக் கொடுப்பதும்தான் என் வேலை. நீங்கள் எழுதியிருப்பது தொழிலில் இருப்பவர்களையே சுற்ற வைக்கும் வகை. ஏனென்றால் உங்களிடம் இருப்பது ஒரு பழுது இல்லை, இரண்டு. சிஸ்டம் அணைவது ஒன்று, மென்பொருள் மட்டும் மூடிக்கொள்வது இன்னொன்று. இரண்டும் ஒரே எக்ஸ்போர்ட்டில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்ததால் ஒரே நோய் மாதிரித் தெரிந்திருக்கிறது. ஒன்றுக்குச் செய்த வைத்தியம் மற்றதற்குக் கேட்கவில்லை, உடனே அதையும் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறீர்கள். எதுவும் வாங்காதீர்கள், இன்னும் இரண்டு நாளைக்கு.

முதலில் படத்தை வெளியே எடுப்போம்

பழுதை அப்புறம் பார்க்கலாம், ஐந்து நாள்தான் இருக்கிறது. வேலையைத் தொடங்குமுன் ப்ராஜெக்ட் ஃபைலை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள், ஆட்டோ சேவ் ஃபோல்டரையும் அந்த டிஸ்க்குக்கே மாற்றிவிடுங்கள். மின்சாரம் பிடுங்கியதுபோல அணையும் சிஸ்டத்தில், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் கெட்டுப்போவது சாதாரணமாக நடக்கும். இதுவரை உங்கள் ப்ராஜெக்டுக்கு எதுவும் ஆகாதது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

48 நிமிடத்தையும் ஒரே மூச்சில் எம்பி4 ஆக எடுக்க முயல்வதை நிறுத்துங்கள். எம்பி4 ஃபைலில் எந்தப் ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பொதுவாகக் கடைசியில்தான் எழுதப்படும். 74 சதவீதத்தில் சிஸ்டம் அணைந்தால் அந்த அட்டவணை எழுதப்பட்டிருக்காது, அதனால் பல ஜிபி அளவுக்கு ஃபைல் கிடந்தாலும் எந்த ப்ளேயரிலும் திறக்காது. நீங்கள் இழந்த ஒவ்வொரு ராத்திரியும் முழுசாக வீணானதற்குக் காரணம் இதுதான். அதற்குப் பதில் டைம்லைனை ஆறு துண்டாக, எட்டெட்டு நிமிடமாக, ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் வெட்டுகளில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டையும் ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூஎக்ஸ் வடிவில் எடுங்கள். இரண்டுமே எடிட்டிங்குக்கென்று குறைவாகச் சுருக்கப்படும் வீடியோ வடிவங்கள், அதனால் இவை பெரிய ஃபைல்கள். 4கேயில் நிமிடத்துக்கு 5 ஜிபிக்கு மேல் போகும், முழுப்படத்துக்கு 260, 270 ஜிபி வரை இடம் வேண்டும். ஆனால் ப்ராசசருக்கு, மிக இறுக்கிச் சுருக்கும் ஹெச்.265 வடிவம் அளவுக்குச் சிரமம் கொடுக்காது, தரமும் கண்ணுக்குத் தெரிகிற அளவில் குறையாது. ஒலியைத் துண்டு போட வேண்டாம். முழு 48 நிமிட ஒலியையும் ஒரே வேவ் ஃபைலாகத் தனியாக எடுத்துவிடுங்கள், அதற்கு கிராபிக்ஸ் கார்டு வேலையே இல்லை, சில நிமிடத்தில் முடியும்; ஒட்டுகிற இடங்களில் டக் டக் என்று சத்தம் வரும் தொல்லையும் இருக்காது. ஆறு துண்டும் வந்ததும் புது ப்ராஜெக்டில் வரிசையாக வைத்து, ஒலியைக் கீழே போட்டு, அதை எம்பி4 ஆக எடுங்கள். அந்தக் கடைசி எக்ஸ்போர்ட்டில் நாய்ஸ் ரிடக்‌ஷனும் கலர் வேலையும் கிடையாது, எல்லாம் ஏற்கெனவே ஃப்ரேமில் ஏறிவிட்டன. சுமை மிகக் குறைவு.

இதோடு இன்னொன்று. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ப்ராசசரின் உச்ச நிலையை 100இலிருந்து 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் 99இல் வைத்தால் டர்போ, அதாவது ப்ராசசர் தானாக ஏற்றிக்கொள்ளும் கூடுதல் வேகம், நின்றுவிடும், மின் இழுவை சட்டென்று குறையும். அந்த அமைப்பு உங்கள் விண்டோஸில் கண்ணுக்குத் தெரியாவிட்டால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும், போர்டின் சொந்த மென்பொருள்) ப்ராசசரின் பவர் லிமிட்டை 125 வாட் என்று வைத்துவிடலாம். எக்ஸ்போர்ட்டுக்கு நேரம் கூடும். பரவாயில்லை, ராத்திரி முழுக்க ஓடட்டும். இந்த இரண்டு மாற்றமும் இப்போதைக்குக் கைகொடுப்பதோடு, நோய் எங்கே இருக்கிறது என்றும் காட்டிக் கொடுக்கும்.

சிஸ்டம் அணைவது: மின்சாரக் கணக்கு

கேம் மூன்று மணி நேரம் ஓடுகிறது, அதனால் ஹார்டுவேர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். கேமில் கிராபிக்ஸ் கார்டுதான் மூச்சைப் பிடித்து ஓடும், ப்ராசசர் பெரும்பாலும் பாதி வேகத்தில் இருக்கும். எக்ஸ்போர்ட்டில் அப்படி இல்லை. புட்டேஜைப் பிரித்துப் படிப்பது, எஃபெக்ட் போடுவது, திரும்ப என்கோட் செய்வது என்று இரண்டும் ஒரே நேரத்தில், ரேமும் டிஸ்க்கும் கூடச் சேர்ந்து, மணிக்கணக்கில் உழைக்கும். எடிட் செய்யும்போது நீங்கள் யோசிக்கிற நேரமெல்லாம் சிஸ்டத்துக்கு ஓய்வு. எக்ஸ்போர்ட்டில் அதற்கு ஓய்வே கிடையாது.

இப்போது கூட்டிப் பாருங்கள். 13700கே முழு டர்போவில் 253 வாட் வரை இழுக்கலாம். 3080க்கு 320 வாட். இரண்டும் சேர்ந்து 573. போர்டு, ரேம், டிஸ்க்குகள், ஃபேன்கள் எல்லாவற்றுக்கும் அறுபது, எழுபது வாட் வைத்தால் 640ஐத் தொட்டுவிட்டது. உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் எழுதியிருப்பது 650, அதுவும் ஆறு வருடத்துக்கு முன் புதிதாக இருந்தபோது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் வருடங்களோடு தேயும். 3080க்குக் குறைந்தது 750 வாட் வேண்டும் என்று என்விடியாவே சொல்லியிருக்கிறது. அதோடு இந்தத் தலைமுறைக் கார்டுகள் சராசரியாக 320 வாட் இழுத்தாலும், மில்லி செகண்ட் கணக்கில் அதைத் தாண்டி எகிறும். சாதாரண மீட்டரிலும், மென்பொருளிலும் அந்த எகிறல் தெரியாது. எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்றுக்கு மட்டும் தெரியும், அது மின்சாரத்தை நிறுத்திவிடும். அணைந்தபடியே கிடந்து, பின் சுவிட்சை ஆஃப் செய்து போட்டால்தான் எழுந்தது என்றீர்களே, பாதுகாப்புச் சுற்று விழுந்த எஸ்எம்பிஎஸ் அப்படித்தான் நடந்துகொள்ளும். உங்கள் கடிதத்திலேயே பெரிய தடயம் அந்த வரிதான்.

கெர்னல் பவர் 41 பற்றி ஒரு திருத்தம். அதில் ‘பவர்’ என்ற சொல் இருப்பதால் எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று விண்டோஸ் சொல்வதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு அர்த்தம், சிஸ்டம் முறையாக ஷட் டவுன் ஆகாமல் மறுபடி எழுந்தது என்பது மட்டுமே. நீங்கள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் இதே 41 வரும். அந்தப் பதிவின் விவரப் பகுதியைத் திறந்து பக்செக் கோட் என்ற வரியைப் பாருங்கள். 0 என்று இருந்தால் விண்டோஸுக்கு எதையும் பதிவு செய்ய நேரமே கிடைக்கவில்லை. மின்சாரம் அல்லது ஹார்டுவேர் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. வேறு எண் இருந்தால் ப்ளூ ஸ்கிரீன் வந்திருக்கிறது, நீங்கள் பார்ப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. சிஸ்டம் பிராபர்ட்டீஸில் ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்டுக்கு எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் அடுத்த தடவை நீலத்திரை நின்று காட்டும். அதே பதிவுகளில் டபிள்யூஎச்இஏ லாகர் 18 என்று ஏதாவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். அது ஹார்டுவேர் தானாகவே கொடுக்கும் வாக்குமூலம்.

யுபிஎஸ் வழியாக மின்சாரம் எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. எடுக்கிறீர்கள் என்றால், சிஸ்டம் அணையும்போது மானிட்டரின் பவர் விளக்கும் சேர்ந்து அணைகிறதா, அல்லது சிக்னல் இல்லை என்று மட்டும் காட்டுகிறதா என்று கவனியுங்கள். விளக்கே அணைந்தால் குற்றவாளி யுபிஎஸ். அதன்மேல் 600 விஏ என்று போட்டிருந்தால் அது 600 வாட் இல்லை, பெரும்பாலும் 360 வாட் அளவுதான் கொடுக்கும்; எக்ஸ்போர்ட் சுமையை அது தாங்காது.

அப்புறம் கேபினட்டைத் திறந்து, கிராபிக்ஸ் கார்டுக்கு எத்தனை கேபிள் போகிறது என்று பாருங்கள். ஒரே கேபிளின் நுனியில் இரண்டு 8 பின் தலைகள் இருந்து, அந்த இரண்டையும் கார்டில் குத்தியிருந்தால் அது சரியில்லை. ஒரு 8 பின் இணைப்புக்குத் தரப்படி 150 வாட், போர்டின் ஸ்லாட்டிலிருந்து 75 வாட். எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் கொண்டுவந்து குத்துங்கள். செலவில்லாமல் இதிலேயே பிரச்சினை தீர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி, எப்படி உறுதி செய்வது? ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளில் ப்ராசசரை மட்டும் அரைமணி நேரம் ஓட்டுங்கள். அப்புறம் கிராபிக்ஸ் கார்டை மட்டும். இரண்டும் தனித்தனியாகத் தாங்கி, இரண்டையும் சேர்த்து இழுக்கும் பவர் சோதனையில் மட்டும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ்தான் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துகொள்ளலாம். படத்தைக் கொடுத்து முடித்த பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

வாங்குவதாக இருந்தால் 850 வாட், ஏடிஎக்ஸ் 3.0 அல்லது அதற்குப் பிந்தைய தரம் என்று கேட்டு வாங்குங்கள். 2022இல் வந்த அந்தத் தரம், எஸ்எம்பிஎஸ்ஸில் எழுதியிருக்கும் வாட் அளவைப்போல இரண்டு மடங்கு வரையிலான கணநேர எகிறலைத் தாங்கவேண்டும் என்று வகுத்திருக்கிறது. பெட்டியில் இருக்கும் 80 ப்ளஸ் கோல்டு என்ற முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும். நம்பகத்துக்கு அது உத்தரவாதம் இல்லை.

வெப்பம், ப்ராசசர், ரேம்

78 டிகிரி என்று எழுதினீர்கள். எதனுடைய 78? ப்ராசசரா, கிராபிக்ஸ் சிப்பா? 3080இன் மெமரி சிப்புகளுக்குத் தனி வெப்பநிலை இருக்கிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மெமரி ஜங்ஷன் என்ற வரியில் அது தெரியும்; மேலே சிப் 78இல் இருக்க, அது 100ஐத் தாண்டி நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 110ஐ நெருங்கினால் கார்டின் தெர்மல் பேட் (சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் மெத்தை) காய்ந்துவிட்டது என்று கணக்கு, பயன்படுத்திய கார்டுகளில் இது சகஜம். ஆனால் வெப்பம் ஏறினால் சிப்புகள் முதலில் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும், எடுத்த எடுப்பில் அணையாது. அதனால் வெப்பத்தை நான் இரண்டாவது சந்தேகமாகவே வைக்கிறேன். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் லாக் எழுதும் வசதியைப் போட்டுவிட்டு எக்ஸ்போர்ட்டை ஓட விடுங்கள். அணைந்தாலும் அதற்குச் சற்று முன் வரைக்குமான எண்கள் ஃபைலில் இருக்கும்.

ப்ராசசரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களில் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவை, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, நாளடைவில் தேய்ந்து நிலைகுலையும் பிரச்சினை இருந்தது. 2024 ஜூலையில் இன்டெல் அதை வெளிப்படையாகச் சொன்னது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (ப்ராசசருக்குள் ஓடும் நிரல்) திருத்தம் கொடுத்தது. பெட்டியில் விற்ற ப்ராசசர்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. உங்கள் 13700கே அந்த வரிசையில் வருகிறது. உங்களுடையது கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் போர்டின் பயாஸ் 2024 செப்டம்பருக்கு முந்தையது என்றால் இன்றைக்கு வரையிலான பயாஸுக்கு மாற்றி, இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். படத்தைக் கொடுத்த பிறகு செய்யுங்கள். பயாஸ் மாற்றும்போது சிஸ்டம் அணைந்தால் போர்டே போய்விடக்கூடும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஏற்கெனவே தேய்ந்த ப்ராசசரை இந்தத் திருத்தம் குணப்படுத்தாது, மாற்றித்தான் வாங்கவேண்டும். ஓசிசிடியில் ப்ராசசரை மட்டும் ஓட்டும்போதே பிழை காட்டினால் அந்தப் பக்கம் திரும்புங்கள்.

ரேமுக்கு ஒரே ஒரு சோதனை போதும். ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பு ஒருவகை ஓவர்கிளாக், அதாவது பொதுத் தர வேகத்துக்கு மேல் ஓட்டுவது, நிறையப் பேருக்கு அது தெரிவதில்லை. பயாஸில் அதை அணைத்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். அப்புறம் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனையை ஓட்டுங்கள், நான்கு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். 64 ஜிபி ஆக்கச் சொல்லும் நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் ரேம் போதாவிட்டால் சிஸ்டம் மெதுவாகும், மென்பொருள் மூடும். பின் சுவிட்சைப் போட்டு எழுப்புகிற மாதிரி அணையாது.

31ஆவது நிமிடம்

இனி இரண்டாவது பழுது. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: மென்பொருள் மூடிக்கொண்ட மூன்று தடவையும் ‘அந்தப் பழைய போட்டோக்கள் வருகிற இடம், 31ஆவது நிமிடம் போல’ என்று. சிஸ்டம் அணைவது ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில், மென்பொருள் மூடுவது மட்டும் அதே இடத்தில். இடம் மாறினால் ஹார்டுவேரைப் பார், இடம் மாறாவிட்டால் டைம்லைனைப் பார் என்று என்னிடம் வேலை பழகுபவர்களுக்கு நான் சொல்வதுண்டு.

அந்தப் போட்டோக்கள் ஸ்கேன் செய்து வாங்கியவை, ஒவ்வொன்றும் 14,000 பிக்சல் அகலம், 10,000 உயரம் என்கிறீர்கள். ஜேபெக்காக டிஸ்க்கில் சில பத்து எம்பிதான் இருக்கும், அதனால் சின்ன ஃபைல் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் கிராபிக்ஸ் கார்டுக்குள் போகும்போது அது சுருக்கப்பட்ட படமாகப் போகாது, ஒவ்வொரு பிக்சலாக விரியும். 32 பிட் கணக்கில் ஒரு பிக்சலுக்கு 16 பைட். 14 கோடி பிக்சலுக்கு 2.2 ஜிபிக்கு மேல் ஆகிறது, ஒரே ஒரு போட்டோவுக்கு. ஒப்பிட்டுப் பார்க்க, 4கே வீடியோவின் ஒரு ஃப்ரேம் அதே கணக்கில் 133 எம்பிதான். நான்கு போட்டோ ஒன்றோடொன்று கரைந்து மாறும் இடத்தில் கார்டின் 10 ஜிபியும் கிட்டத்தட்ட தீர்ந்துவிடும், அதன்மேல் நாய்ஸ் ரிடக்‌ஷன் வேறு போட்டிருக்கிறீர்கள். ‘மெமரி போதவில்லை’ என்ற செய்தி பேசியது கிராபிக்ஸ் கார்டின் மெமரியைப் பற்றியாகத்தான் இருக்கவேண்டும். 64 ஜிபி ரேம் வாங்கிப் போட்டிருந்தாலும் அதே 31ஆவது நிமிடத்தில் அதே செய்திதான் வந்திருக்கும்.

தீர்வு எளிது, காசும் செலவில்லை. எந்தப் போட்டோவை எவ்வளவு ஜூம் செய்கிறீர்கள் என்று பாருங்கள். திரையின் அகலம் 3,840 பிக்சல். இரண்டு மடங்கு ஜூம் வரை போனாலும் 7,680 போதும், ஜூமே இல்லாதவற்றுக்கு 4,000 போதும். போட்டோ எடிட்டரில் அந்த அளவுக்குக் குறைத்து வேறு ஃபோல்டரில் சேமித்து, டைம்லைனில் ரிப்ளேஸ் செய்யுங்கள். ஸ்கேல் எண்கள் மாறும், அதைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆகலாம். போட்டோக்களுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் வேண்டுமென்றால் போட்டோ எடிட்டரிலேயே ஒரு தடவை செய்துவிடுங்கள், அசையாத படத்துக்கு ஒவ்வொரு ஃப்ரேமிலும் அதைச் செய்வது வீண் வேலை. குறைத்த பிறகு, டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டின் டெடிகேட்டட் மெமரி வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். கோடு உச்சியில் போய் ஒட்டிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

அப்படியும் அதே இடத்தில் மூடினால், அந்தப் பகுதியைப் பாதியாக வெட்டி எடுங்கள், மூடுகிற பாதியை மறுபடி பாதியாக. நான்கைந்து தடவையில் ஒரே ஒரு க்ளிப்பில் வந்து நிற்பீர்கள். போனில் எடுத்த புட்டேஜாக இருந்தால் அதன் ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது, ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றி மறுபடி வையுங்கள்.

செய்யவே கூடாதவை

விண்டோஸை மூன்றாவது தடவை அழிக்காதீர்கள். இரண்டு தடவை புதிதாகப் போட்டும் அப்படியே இருக்கிறது என்றால் விண்டோஸ் காரணம் இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. டிரைவர் டைம் அவுட் நேரத்தை ரெஜிஸ்ட்ரியில் கூட்டச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். சிஸ்டமே அணையும் பழுதுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது மிக மிகக் கவனமாக இருக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால், பழையதன் கேபிள்களைப் புதியதில் குத்தாதீர்கள். தலை பொருந்தும், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பதற்குப் பொதுத் தரம் கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். ஒரே நொடியில் டிஸ்க்குகள் எரிந்துபோகும், படம் எடுத்த புட்டேஜோடு. அதேபோல எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறந்து உள்ளே கை வைக்காதீர்கள், ப்ளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கிற அளவு மின்சாரம் நிற்கும்.

கடையும், படம் கேட்டவரும்

கடைக்காரரின் பொறுப்பு, நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. 3080 மாட்டும்போது பழைய எஸ்எம்பிஎஸ் போதுமா என்று கேட்டதாகவும், தாராளமாகப் போதும் என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது வாய்ப்பேச்சாக இருந்தால் நிரூபிப்பது கஷ்டம், மெசேஜில் இருந்தால் எடுத்து வையுங்கள். நுகர்வோர் சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதனால் சண்டைக்குப் போகுமுன் ஆதாரத்தோடு போங்கள்: ஓசிசிடி எந்தச் சோதனையில் அணைந்தது, பக்செக் கோட் என்ன, பவர் லிமிட் குறைத்தபோது எத்தனை எக்ஸ்போர்ட் முழுசாக முடிந்தது. தேதி போட்ட ஒரு பக்கக் காகிதம். ‘சாஃப்ட்வேர் பிரச்சினை’ என்ற பதிலுக்கு அதற்கு மேல் இடமிருக்காது. நேர்மையாகச் சொன்னால், எஸ்எம்பிஎஸ் உங்களுடையது, கிராபிக்ஸ் கார்டு வெளியில் வாங்கியது, ஆகவே புது எஸ்எம்பிஎஸ்ஸுக்கான செலவை அவரிடமிருந்து வாங்கிவிடலாம் என்று நான் நம்பிக்கை கொடுக்கமாட்டேன். ப்ராசசர் பழுது என்று வந்தால் மட்டும் நிலைமை வேறு, பெட்டியோடு வாங்கியதற்கான பில் இருக்கிறதா என்று இன்றே தேடி எடுத்து வையுங்கள். சிஸ்டத்தை எங்கே கொடுத்தாலும் புட்டேஜ் இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். அதில் இருப்பது உங்கள் சொத்து மட்டும் இல்லை.

படம் கேட்டவரிடம் ‘கடைசி மெருகேற்றம் நடக்கிறது’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இன்றைக்கே கூப்பிட்டு, எடிட் முடிந்துவிட்டது, சிஸ்டத்தில் பழுது, துண்டு துண்டாக எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். முதல் துண்டு வந்ததும் அந்த எட்டு நிமிடத்தை அனுப்பி வையுங்கள். வேலை நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர் ஒரு நாள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார், ஐந்தாம் நாள் ராத்திரி கூப்பிட்டுச் சொன்னால் பொறுக்கமாட்டார்.

ஆக, இன்றைக்குப் போட்டோக்களைக் குறைப்பது, பவர் லிமிட்டை இறக்குவது, முதல் துண்டு. நாளைக்கு மீதித் துண்டுகள். பவர் லிமிட் 70இல் இருக்கும்போதும் சிஸ்டம் அணைந்தால் என் கணக்கு தப்பு என்று அர்த்தம், அப்போது எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடாதீர்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ லாக், பக்செக் கோட், அணைந்த துண்டின் எண், மூன்றையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அதை வைத்துக்கொண்டு அடுத்ததைப் பார்ப்போம்.